கூலிக் கொலைகாரனின் பின்பாதி

வல்லம் தாண்டிப் பிள்ளைப்பாக்கம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காலில் ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. பைக்குள் ஒரு கைலி, ஒரு துண்டு, துண்டில் சுற்றிய அரைப் புத்தகம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ராத்திரியில் கான்கிரீட் போடும் ஆட்களில் நானும் ஒருவன். அன்று காலை வேலை முடிந்ததும் எல்லோரும் தகரக் கொட்டகைக்குத் தூங்கப் போனார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வரை போடும் ரப்பர் கம் பூட்ஸ் கிழிந்து சிமெண்ட் தண்ணீர் உள்ளே போய், விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. அந்த வேலையில் அது எல்லோருக்கும் வருவதுதான். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்குவார்கள், நானும் இறங்கினேன். ஆனால் எந்த இடமும் எனக்கு ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். பரமக்குடியில் நூல் கடையை விட்டதும், திருப்பூரில் சாயப்பட்டறையை விட்டதும் இப்படித்தான். ஒருநாள் காலையில் கால் தானாக வெளியே போகும். பின்னால் நானும் போவேன்.

இந்த முறை போவதற்கு ஓர் இடம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை கேன்டீன்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் ஒருவர், மறுநாள் காலையில் வந்தால் பாத்திரம் கழுவச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு. அதுவரை மேஸ்திரி கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் கவலை.

மேஸ்திரி அந்தப் பக்கத்துக்காரர். நிலம் விற்றுவிட்டு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவர். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கேட்டில் எந்த செக்யூரிட்டி நிற்கிறான், அவன் யாருக்கு மாமன் மச்சான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சொல்லாமல் ஓடியவனைப் பற்றி ஒரு வார்த்தை விட்டால் போதும், அந்த ரோட்டில் அவனுக்கு வேலை கிடையாது. திருச்சிக்காரன் ஒருவனுக்கு அப்படி நடந்தது. அவன் பஸ் ஏறி ஊருக்கே போய்விட்டான்.

ஆக, அன்றைக்கு நான் தேடப்படுகிற ஆள். தேடப்படுகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தது பையிலிருந்த அரைப் புத்தகம்.

அது ஒரு மாத நாவல். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த மாதிரி. யாரோ பஸ்ஸில் வாங்கிவந்து கொட்டகையில் போட்டது. பகல் ஆட்களும் ராத்திரி ஆட்களும் அதற்காகச் சண்டை போட்டதில், கம்பி கட்டுகிற ஒருவன் கட்டிங் பிளேயரால் முதுகுப் பின்னைப் பிடுங்கிப் புத்தகத்தை நடுவில் இரண்டாகப் பிரித்தான். ஒவ்வொரு பாதியையும் கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கினான். முன்பாதி பகல் ஆட்களுக்கு, பின்பாதி ராத்திரி ஆட்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாறும்போது பாதிகளும் மாறும். ஒரே ஒரு சட்டம்: ஒரு பாதி படித்தவன் மறு பாதிக்காரனிடம் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்கு வாய்த்தது பின்பாதி. “என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் துடைத்தான்” என்று ஆரம்பித்தது. எதைச் சொன்னான் என்று தெரியாது. அவன் ஒரு கூலிக் கொலைகாரன். யாரையோ கொன்றிருக்கிறான். இப்போது இரண்டு தேசத்து உளவாளிகள் அவனைத் தேடுகிறார்கள். கூலி கொடுத்தவர்களே அவன் வாயை மூட இன்னொரு ஆளை அனுப்பியிருக்கிறார்கள். அவனோ பம்பாயில் ரயிலேறி, கல்கத்தாவில் இறங்கி, லாட்ஜ் லாட்ஜாக மாறிக்கொண்டே இருக்கிறான். சட்டையை மாற்றுவான். முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் போவான். திரும்பிப் பார்க்கவே மாட்டான். எதிரில் கண்ணாடி இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பான். ஓரிடத்தில் பல்வலியோடு பூங்கா பெஞ்சில் தூங்குவான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. நானும் பெஞ்சில் தூங்கியவன்தானே.

வல்லத்திலேயே ஒரு புளியமரத்துப் பின்னால் நின்று சட்டையைக் கழற்றினேன். மாற்றுச் சட்டை இல்லை. அதையே உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுக்கொண்டேன். நீலக் கட்டம் போய் வெளுத்த நீலம் ஆனது. பெரிய மாற்றம் என்றே நினைத்தேன். டீக்கடையில் சுவரில் முதுகைச் சாய்த்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். டீயைக் குடித்து முடித்ததும் கடையின் பின்பக்கமாக வெளியேறப் போனேன். அங்கே மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாள் கத்தினாள்.

“யோவ், இன்னாய்யா, வூட்டுக்குள்ள பூந்து எங்க போற? வழி அந்தாண்ட கீது!”

திரும்ப முன்வாசலாலேயே வந்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் ரோட்டோரம் ஒரு சலூன் இருந்தது. ஒற்றை நாற்காலி, எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றிவிட்டது. கதையில் கொலைகாரன் மீசையை எடுத்துவிடுவான். பஸ் நிலையத்தில் உளவாளி அவனிடமே தீப்பெட்டி கேட்டு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு போவான். நான் போய் உட்கார்ந்து, “மீசைய எடுத்துருங்கண்ணே” என்றேன்.

சலூன்காரர் என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “மீச இல்லாட்டி மூஞ்சி அம்மிக்கல்லு மாரி இருக்குமே, பரவால்லியா?”

“பரவால்லண்ணே.”

“லவ்வா?”

“இல்லண்ணே.”

“அப்ப ஆரோ தேடறாங்க” என்றவர் பிளேடை மாற்றிப் போட்டார்.

இடப்பக்க மீசை போயிருந்தது. வலப்பக்கத்துக்கு அவர் நகரும்போது கண்ணாடியில் ஒரு மொபெட் வந்து நின்றது. அதிலிருந்து மேஸ்திரி இறங்கினார். இறங்கியவர் வேஷ்டியை மடித்துக் கட்டி, நேராகச் சலூனுக்குள் வந்தார். கதையில் இந்த இடத்தில் அவன் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டுச் சந்துக்குள் ஓடுவான். என் தொண்டைக்குப் பக்கத்தில் பிளேடு இருந்தது. நான் ஓடவில்லை.

மேஸ்திரி கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“டேய், இன்னாடா இது, மூஞ்சியையும் புக்கு மாரி பாதியா பிரிச்சிட்ட?”

“மேஸ்திரி, நான்…”

“பையோட ஒரு தெக்கத்தியான் போனானானுதான் கேட்டேன். சட்டைய உள்ள வெளிய போட்டவனானு வல்லத்துலருந்து ஊரே கை காட்டுது. டீக்கடையம்மா பைத்தியம்னே சொல்லிச்சு. சும்மா போயிருந்தா எவன்டா உன்ன பாத்திருப்பான்?”

சலூன்காரர் பிளேடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார், “இன்னா மேஸ்திரி, பையன் எதுனா எடுத்துகினு வந்துட்டானா?”

“ஆமா. புக்க எடுத்துகினு வந்துட்டான்.” என் பக்கம் கையை நீட்டினார். “குடுறா.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் விளங்கியது. பகல் ஆட்களோடு சேர்ந்து மேஸ்திரியும் முன்பாதியைப் படித்து முடித்திருக்கிறார். அன்றைக்குத்தான் பாதிகள் மாற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை. பின்பாதியைக் கேட்டு ராத்திரி ஆட்களை எழுப்பியிருக்கிறார்கள். அது என் தலைமாட்டில் இருந்தது என்றார்கள். என் இடத்தில் பாய் மட்டும் இருந்தது.

“ஆள் போனா போவட்டும்டா. ஆளு வருவான், போவான். புக்குக்கு எங்க போறது? போன மாச புக்கு, கடைல கெடைக்காது. ஒரகடத்துல ஒரு கட விடாம கேட்டுட்டேன்.”

நான் துண்டைப் பிரித்துப் பாதியை எடுத்துக் கொடுத்தேன். கட்டுக்கம்பி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார். கடைசிப் பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே இருந்தார்.

“அவன் மாட்டிக்கிறானா?” என்றார். உடனே, “சொல்லாத. சொன்ன, பல்லு பேந்துடும்.”

“பாவம்ண்ணே அவன்” என்றேன். “எப்படியாச்சும் தப்பிச்சிரணும்னுதான் தோணும்.”

மேஸ்திரிக்கு முகம் மாறிவிட்டது. “பாவமா? நீ முன்பாதி படிக்கல, அதான் பேசற. மாட்டணும்டா அவன்.”

“அப்படி என்னண்ணே செஞ்சான்?”

சட்டப்படி அவர் சொல்லக் கூடாது. ஆனால் நான்தான் இனி ராத்திரி ஆளும் இல்லை, பகல் ஆளும் இல்லையே. பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். கொல்லப்பட்டவர் ஒரு விஞ்ஞானி. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வந்திருக்கிறார். கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. “கட்டி முடிச்சிட்டு நிமிந்து பாக்குது. அப்பன் கீழ கெடக்கறான். இவன் கூட்டத்தோட கூட்டமா அந்தாண்ட போறான், ஒரு கடலப் பொட்டலம் வாங்கிக்கினு. இவனா பாவம்?”

சலூன்காரர் உச்சுக் கொட்டினார். என் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

என் பாதியில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் கல்கத்தாவில் ஓரிடத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கும். அவன் நேர் வழியை விட்டுவிட்டு நாலு தெரு சுற்றிப் போவான். அங்கே போலீஸ் நிற்கும் போலிருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறான் என்று நினைத்து, அவன் சாமர்த்தியத்தை மெச்சியிருந்தேன். இதை மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சட்டத்தை மறந்து கேட்டுக்கொண்டார்.

“சுத்திகினு போறானா?” என்றார். கட்டுக்கம்பியைத் தடவிக்கொண்டே, “போவட்டும். அது கூட இல்லன்னா எப்டி” என்றார். இருந்தாலும் அவன் மாட்ட வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் தப்பிக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சம் குரலைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

“அவருக்கு சொல்லாத, எங்காதுல சொல்லு, முடிவு இன்னா?” என்று சலூன்காரர் குனிந்தார்.

“உன் கத்திய புடுங்கி உனக்கே ஷேவிங் பண்ணிருவேன்” என்றார் மேஸ்திரி.

மிச்ச மீசையும் போனது. கண்ணாடியில் பார்த்தால் அம்மிக்கல் என்று சொன்னது சரிதான். மூன்று பேரும் டீ சொல்லிக் குடித்தோம். டீ உள்ளே இறங்கியதும் மனதிலிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“மேஸ்திரி, எம்பேர கேட்ல கேட்ல சொல்லிராதீங்க.”

“எங்க போற?”

கேன்டீன் வேலையைச் சொன்னேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். “செருப்ப அவுறு” என்றார். விரல் இடுக்குகளைப் பார்த்துவிட்டு, “இந்தக் கால வெச்சிகினு நாள் பூரா தண்ணில நிப்பியா? அழுவிப்போயிடும். இத காட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேன்ல. வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா கஷ்டம் உங்க ஊர்ல எல்லாருக்கும்?”

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். எத்தனையோ இடங்களைச் சொல்லாமல் விட்டு வந்திருக்கிறேன். யாராவது பின்னால் வந்தது அந்த ஒரு முறைதான், அதுவும் புத்தகத்துக்காக. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மொபெட்டில் அத்தனை தூரம் வெயிலில் வந்தவரோடு டீ குடித்தது நன்றாகவே இருந்தது.

“எம் மச்சான் இங்கதான் ப்ளாட் போட்டுகினு கீறான்” என்றார் மேஸ்திரி. “கல்லுக்குக் காவல் வேணும்னு கேட்டான். காய்ஞ்ச எடம். நடக்கற வேலை கொஞ்சம், குந்தற வேலை நெறைய. கால் ஆறுற வரிக்கும் இரு. அப்பால உன் இஷ்டம். ஆனா போறப்ப அவன்கிட்ட சொல்லிட்டுப் போ.”

புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார். பிறகு நிறுத்தி, “சட்டைய நேரா போடு, மச்சான் பயந்துருவான்” என்று கத்திவிட்டுப் போனார்.

அன்று சலூன் பெஞ்சிலேயே படுத்துக்கொள்ளச் சலூன்காரர் விட்டார். முடிவைச் சொல்லச் சொல்லி அவர் கெஞ்சியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அவரே வேறொரு முடிவு சொன்னார். அது இன்னும் மோசம்.

காலையில் மச்சான் வந்து என்னை நிலத்துக்குக் கூட்டிப்போனார். முன்பு நெல் விளைந்த இடம். வரப்பை வெட்டிச் சமன் செய்து, செம்மண் ரோடு போட்டு, மனைக்கு மனை மஞ்சள் தலையோடு கல் நட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து ஆட்கள் வேனில் பார்க்க வரும்போது கல்லெல்லாம் நிமிர்ந்து நிற்க வேண்டும்; வேலை அவ்வளவுதான். ஓரத்தில் ஓலைக் கொட்டகை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மச்சான் கையில் ஒரு விசிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டி வெயிலில் காயவைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு அம்மாள் மூன்று எருமைகளை ஓட்டிக்கொண்டு நேராகச் செம்மண் ரோட்டில் வந்தாள். முதல் எருமை ஒரு கல்லில் கழுத்தைத் தேய்த்தது. கல் சாய்ந்தது. நான் விசிலை ஊதினேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீதான் புது வாட்ச்மேனா? எங்க நெலந்தான் இது, போன வருசம் வரிக்கும். நான் வித்தது எனக்குத் தெரியும். இதுங்களுக்கு எவன் சொல்றது? நீ சொல்லு பாக்கலாம்.”

நான் எருமைகளைப் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்க் கல்லை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினேன். இரண்டாவது எருமை சாய்த்துவிடாமல் அவள் அடுத்த கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

“இத நான் புட்சிக்கிறேன்” என்றாள். “மூணாவது எருமதான் ரொம்ப தேய்க்கும். அத நீ பாத்துக்க.”