ஏரிக்குள் நட்ட துறைமுகக் காடு

1. முதல் நாள்

துறைமுகத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் நான் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். பிரிவு என்றால் இரண்டு மேசை, ஒரு பீரோ, ஒரு அதிகாரி. கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும்போது கிளம்பும் தூசியில் ஜன்னல் கம்பியெல்லாம் கறுத்துக் கிடக்கும். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, "பசுமைத் துறைமுகம்" என்று ஆண்டறிக்கைக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தார் மனிதர்.

தூசிக்கு ஈடாக ஆயிரம் மரம் வளர்த்துக் காட்டவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. துறைமுகத்துக்குள் கன்டெய்னர் வைக்கவே இடமில்லை.

"உன் ஊர் எதுய்யா?" என்றார். உத்திரமேரூர் என்றேன்.

"அங்க சும்மா கெடக்கிற நெலம் இருக்குமே?"

அவ்வளவுதான், திட்டம் தயார். தூசி தின்பவர்கள் இங்கே, மரம் எண்பது கிலோமீட்டர் தள்ளி.

2. சும்மா கிடந்த நிலம்

சித்திரை வெயிலில் அதிகாரி ஜீப்பில் வந்தார். சாலவாக்கம் போகும் வழியில் ஒரு பெரிய வெட்டவெளியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சமதரை. ஒரு வீடு இல்லை, ஒரு பயிர் இல்லை. அது வற்றிப்போன ஏரி. கரை, மதகு, மிகுந்த நீர் வழியும் கலங்கல் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. தினமும் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் அளக்கிற ஆபீஸிலிருந்து வந்தவருக்கு ஓர் ஏரி தெரியவில்லை.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற, பக்கத்துக் குடிசையிலிருந்த கன்னியம்மா என்ற இருளர் பெண்ணை அமர்த்தினோம். மூன்று வருஷ வேலை என்று அதிகாரியே சொன்னார். கூலிக்கு ஊர் ஊராக அலைந்தவளுக்கு அது பெரிய விஷயம். அந்தத் தைரியத்தில், தன்னோடு நடவுக்கு வந்துகொண்டிருந்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

குழி வெட்டும் அன்றே கன்னியம்மா சொன்னாள்: "சாரு, இது ஏரிங்க. மய பேஞ்சா ரொம்பிப் பூடும். வேப்பங்கன்னு அழுவிப் பூடும். கருவேலம் வெச்சா தாக்குப் புடிக்கும். இல்லாட்டி கரைக்கு அந்தாண்ட வைங்க."

"கருவேலமா? முள்ளு மரத்தைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல போடச் சொல்றியா?" என்று சிரித்தார் அதிகாரி. என் பக்கம் திரும்பி, "நீ இந்த ஊர்க்காரன்தானே, என்ன சொல்ற?" என்றார்.

"ரெண்டு வருஷமா ரொம்பலை சார்," என்றேன்.

பொய் இல்லை. ஆனால் என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அவர் மேசையில் இருந்தது.

3. நீர்வசதி தாராளம்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சில நாளில் கலங்கல் வழிந்தது. ஆயிரம் கன்றும் ஆள் மட்டத் தண்ணீருக்கு அடியில். நான் போனபோது கன்னியம்மா கரைமேல் குடத்தோடு நின்றிருந்தாள்.

"இன்னாண்ணா, இன்னும் ஊத்தணுமா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. வேலை இருக்கிறதா என்று கேட்டாள்.

கரையின் வெளிச்சரிவில் பதினோரு வேப்பங்கன்றுகள் தழைத்து நின்றன. நட்டதுபோக மீந்தவற்றை எறிய மனமில்லாமல் அவளாகவே வைத்து ஊற்றியவை.

அடுத்த வாரம் அதிகாரி கேமராக்காரரோடு வந்தார். முதலில் ஏரியைப் பார்த்தார். பிறகு அந்தப் பதினொன்றைப் பார்த்தார். "யாரைக் கேட்டு இங்க நட்ட? டிராயிங்லயே இல்லையே!" என்று கன்னியம்மாவை அதட்டினார். அதட்டிய கையோடு, கேமராக்காரரை ஏரிக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, அதே பதினொன்றை நின்றும் குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுக்கச் சொன்னார்.

அறிக்கை வந்தது. அட்டையில் வேப்பங்கன்று. உள்ளே, நட்டவை ஆயிரம், உயிருடன் இருப்பவை ஆயிரம், நீர்வசதி தாராளம். அந்தக் கடைசி விவரம் மட்டும் உண்மை. அதன் கீழே, "கன்றுகள் வேரூன்றிவிட்டதால் இனி நீர் ஊற்ற ஆள் தேவையில்லை." நேரில் பார்த்துச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

கன்னியம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"செத்துப் பூச்சுன்னு எய்தியிருந்தா வேற கன்னு வெச்சு ஊத்திக்கினு இருப்பேனே. எல்லாம் உசுரோட கீதுன்னு எய்திட்டு என்னை ஏண்ணா நிறுத்தறீங்க?"

சில நாள் கழித்து அவளும் மகளும் நடவு வயலில் குனிந்து நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பள்ளிக்கூடம் திறந்திருந்த நாள் அது.

அறிக்கைக்குக் கேடயம் கொடுத்தார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று.

இப்போது சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட் என்று வழவழத் தாளில் போடுகிறார்கள். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, அட்டைப்படத்தைப் பார்த்தால், எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டவன் எந்த ஊர் என்றும் கேளுங்கள். அந்த அதிகாரியை இத்தனை வருஷம் ஆசைதீரத் திட்டிவிட்டேன். அவராவது வெளியூர்க்காரர். நான் நீச்சல் பழகியதே அந்த ஏரியில்தான்.