ரொவீனா வைத்த புள்ளி

ரொவீனா பைபஸ் ஒரு பொருளைச் செத்துவிட்டது என்று சொன்னால் அது செத்ததுதான். எங்கள் சுரங்க ஊரான குவீன்ஸ்டவுனில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. குப்பைமேட்டை ஒட்டிய டிப் ஷாப் என்ற பழைய சாமான் கடையில், ஊர் தூக்கிப்போடும் டோஸ்டர், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதினோரு வருடமாகச் சோதிப்பவள் அவள். ஓடினால் விலைச்சீட்டு ஒட்டுவாள். ஓடாவிட்டால் ஒயிட்னரால் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி விழுந்தது பழைய இரும்புத் தொட்டிக்குப் போய்விடும். என் ஹீட்டருக்கு ஒருமுறை என் கண்ணெதிரிலேயே புள்ளி வைத்தாள். கெஞ்சிப் பார்த்தேன். "ராஸ், வீட்டுக்குப் போ" என்றாள்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்த்தவள். கம்ப்யூட்டரை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டாள். தன்னைப் பற்றிப் பெருமை பேசமாட்டாள். ஆனால் அடுத்தவன் தப்பு கண்ணில் பட்டால் ஒரு வாரம் அதையே சொல்லிச் சாகடிப்பாள்.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, எங்கள் சமூக வானொலியின் இணைய இணைப்புக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டி புகைந்து அணைந்தது. ஊருக்குள் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. இணையம் வழியாகப் போகும் ஒலிபரப்பு மட்டும் நின்றுவிட்டது. புதுப் பெட்டி வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை மதியம் புல்லே இல்லாத எங்கள் சரளை மைதானத்தில் ஃபுட்டி என்னும் எங்கள் நாட்டுக் கால்பந்து, பெண்கள் ஆட்டம், வர்ணனை நான். இணையத்தில் என்னைக் கேட்பவர்கள் மொத்தம் ஒன்பது பேர் இருந்தால் அதிகம். விட்டுத்தொலைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி கெரின், ரொவீனாவின் தங்கை. அண்டார்டிகாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் சமையற்காரி. குளிர்காலம் முடியும்வரை அங்கே கப்பல் போகாது. அவள் மகள் டாலியாவுக்குப் பதினெட்டு வயது, ஹோபார்ட்டில் புல்தரையில் ஆடி வளர்ந்தவள். அம்மா கப்பலேறிய பிறகு பெரியம்மா வீட்டுக்கு வந்து, எங்கள் அணியில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை அவளுக்குச் சரளையில் முதல் ஆட்டம்.

"கெரினுக்கு வாக்கு குடுத்துட்டேன்" என்றாள் ரொவீனா. "மெஸ்ஸுல எல்லாரையும் கூட்டி வச்சிருக்காளாம். நீ உளர்றதைக் கேக்க அத்தனை பேரு. பாவம்."

டிப் ஷாப் அலமாரியில் ஒரு சிவப்பு ஃபயர்வால் கிடந்தது. மூடிப்போன ஏதோ ஆபீசிலிருந்து வந்த எட்டு வருடப் பழசு. செய்தவர்களின் மென்பொருளைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டப்பட்டது. வியாழன் காலை ரொவீனா அதன் முதுகில் கன்சோல் கேபிளைச் செருகி, மறுமுனையைத் தன் லேப்டாப்பில் மாட்டினாள். திரையில் ஒன்றும் இல்லை. இரண்டும் பேசிக்கொள்ளும் வேகத்தை மாற்றினாள். கோழி கிளறிய மாதிரி எழுத்துகள் வந்து விழுந்தன.

"பேசுது!" என்று குதித்தாள்.

"இதுவா பேச்சு?"

"உன் வர்ணனையவிட தெளிவா இருக்கு. வேகம்தான் பொருந்தல."

மூன்றாவது வேகத்தில் வரிகள் ஒழுங்காக வந்தன. ஆனால் வேறு மென்பொருள் ஏற்றி அவள் போட்ட புது டிஸ்க்கைப் பெட்டி மதிக்கவே இல்லை. பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மின்சாரம் வந்ததும் பெட்டியில் முதலில் கண்விழிப்பது ஒரு குட்டிச் சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர். அதை அழித்து வேறு எழுதினால்தான் பூட்டு திறக்கும். எழுதும்போது கரண்டு போனால், அப்புறம் அந்தப் பெட்டியும் ஒரு செங்கல்லும் ஒன்று.

எழுத ஆரம்பித்தாள். நாற்பது சதவீதம் வந்தபோது மணி பத்தரை. பத்தரை என்றால் ஸ்மோக்கோ. எங்கள் ஊரில் நிலம் நடுங்கினாலும் அந்த நேரத்துத் தேநீர் நிற்காது. கடையில் ரொவீனாவோடு வேலை செய்யும் டெஸ், ஏற்கெனவே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த பிளக்கில் கெட்டிலையும் சொருகினான். டப்பென்று கடை முழுக்க இருண்டது.

"ஸ்மோக்கோ டைம் ஆச்சே" என்றான், அதுவே நியாயம் என்பதுபோல.

ரொவீனா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. பிரேக்கரைத் தூக்கிவிட்டு, பெட்டியை மறுபடி போட்டுப் பார்த்தாள். மூச்சே இல்லை. ஒயிட்னரை எடுத்தாள். தீக்குச்சி நுனியில் தொட்டு, அந்தக் குட்டிச் சிப்பின் மேலேயே ஒரு புள்ளி வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் நடந்து போய்விட்டாள். டெஸ் அந்தத் தேநீரைக் குடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அதே சிவப்புப் பெட்டி.

"புள்ளி வச்சுட்டியே, ரோ?"

"தெரியும். வாய மூடு."

துணிக்குப் போடுவது போன்ற ஒரு சின்ன கிளிப்பைக் கையில் வைத்திருந்தாள். எட்டுக் கால் சிப்பை அதால் கவ்வினால், பெட்டியை எழுப்பாமலே லேப்டாப்பிலிருந்து நேராகச் சிப்பில் எழுதலாம். ஒரே நிபந்தனை, கிளிப்பின் சிவப்புக் கம்பி முதல் காலில் உட்கார வேண்டும். முதல் கால் எது என்று காட்டச் சிப்பின் மூலையில் ஒரு புள்ளி இருக்கும்.

கவ்வினாள். சிப்பே இல்லை என்றது லேப்டாப். ஸ்பிரிட் போட்டுக் கால்களைத் துடைத்துவிட்டு மறுபடி கவ்வினாள். அப்போதும் சிப் இல்லை. மூன்றாவது தடவை விரல் சுட்டுக் கையை உதறினாள். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

டெஸ் பிராயச்சித்தமாக ஆறு லாமிங்டன் கேக் வாங்கி வந்து, தள்ளியே நின்றுகொண்டிருந்தான். மெல்ல எட்டிப் பார்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான்.

"ரோ, ஒண்ணு கேட்டா அடிக்கமாட்டியே?"

"அடிப்பேன். கேளு."

"அந்தப் புள்ளி சிப்பு செஞ்சவன் வச்சதா, நீ வச்சதா?"

அவள் மேஜையில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். கிளிப்பின் சிவப்புக் கம்பி நேற்றைய ஒயிட்னர் புள்ளியின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நேர் எதிர் மூலையில், கறுப்பில் கறுப்பாக, ஊசிமுனைக் குழி ஒன்று. அதுதான் அசல் புள்ளி. காலையிலிருந்து சிப்புக்குத் தலைகீழாகக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். பிறகு ரொவீனா சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்க, ரெண்டு பேர் நெத்தியிலயும் புள்ளி வச்சு தொட்டியில போட்டுருவேன்."

நகத்தால் ஒயிட்னரைச் சுரண்டினாள். புள்ளி விழுந்த ஒன்று பதினோரு வருடத்தில் திரும்பி வந்தது அன்றுதான். கிளிப்பைத் திருப்பிப் போட்டாள். சிப் இருக்கிறது என்றது லேப்டாப். எழுதப் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரமும் டெஸ் பிளக்குக்கு முதுகு கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் வந்த வாடிக்கையாளர் ஒருவரை விரட்டக்கூடச் செய்தான். எழுதியது சரி என்று வந்ததும் ரொவீனா ஸ்விட்சைப் போட்டாள். திரையில் வரிகள் ஓடின. புது டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. கடைசியில் பெட்டி கீச்சென்று மூன்று சுரம் பாடியது. நானும் டெஸ்ஸும் கட்டிப்பிடித்து ஆடினோம். லாமிங்டன் தேங்காய்த்தூள் அத்தனையும் என் சட்டையில்.

சனிக்கிழமை தூறல். வானொலியில் மாட்டிய சிவப்புப் பெட்டி வழியாக இணைய ஒலிபரப்பு போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பனிக்காட்டில் அது காதில் விழுகிறதா என்று யாருக்குத் தெரியும்? ரொவீனா என் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் கால்பகுதியில் டாலியா பந்துக்குப் பாய்ந்து, சரளையில் சறுக்கி விழுந்தாள். எழுந்து அடித்த அடி கம்பத்தில் பட்டுத் தெறித்தது. இடைவேளையில் போன் அடித்தது. ரொவீனா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"அந்த மடையன் ராஸ்தானேடி? 'உயரமான பொண்ணு, உயரமான பொண்ணு'ங்கறான். அவளுக்குப் பேரு இல்லையா?" என்றாள் கெரின்.

"ராஸ்தான். அவன் அப்படித்தான்."

"விழுந்தாளே. ரத்தமா?"

"ரெண்டு முட்டியிலயும்."

"அழுதாளா?"

"சிரிச்சாடி."

"சிரிச்சாளாம்!" என்று கெரின் அங்கே கத்தினாள். பூமியின் தென்கோடியில் ஒரு மெஸ் முழுக்க மேஜையைத் தட்டியது எங்களுக்குக் கேட்டது. ரொவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்தொரு பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம். பந்து யாரிடம் இருந்தாலும் கடைசிவரை நான் டாலியா எங்கே நிற்கிறாள் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மூச்சுவாங்க நிறுத்தும்போதெல்லாம் ரொவீனா முதுகில் குத்தினாள்.

"பேரைச் சொல்லுடா, பேரை."