மேனேஜர் காரில் வந்த சுண்ணாம்புக்கல்

"எல்லா டெஸ்டும் பச்சையாத்தானே இருக்கு? திங்கக்கிழமையே ஓட விட்டுடலாங்க" என்றார் மேனேஜர்.

நான் அரியலூர் சிமென்ட் ஆலை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். எடை மேடைக்குப் புது மென்பொருள் தயாராகியிருந்தது. கல் ஏற்றி வரும் லாரியின் எடையில் காலி வண்டியின் எடையைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். காலி எடையை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் நிரலை எழுதியவர் வரதராஜன்பேட்டை ஜோஸ்பின். அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எடை பிசகினால் லாரிக்காரர்கள் கேட்டில் வண்டியைக் குறுக்கே போடுவார்கள். மறுநாள் ஜோஸ்பின் வீட்டில் இருப்பார்.

நிரலின் ஒரு துண்டை மட்டும் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்டில் நாங்கள் நிஜ டேட்டாபேஸைத் தொடுவதில்லை. நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று பேசும் கான்டெக்ஸ்ட் என்ற பகுதிக்குப் பதிலாக ஒரு போலியை வைப்போம். எந்த லாரியைக் கேட்டாலும் 'ஒன்பது டன்' என்று சொல்ல அதற்குச் சொல்லிவைத்திருந்தோம். சர்வர் வேண்டாம், கழித்தல் சரியா என்பது நொடியில் தெரிந்துவிடும்: சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நல்ல ஏற்பாடு.

"சார், நிஜ டேட்டாபேஸ் டேபிள்ல ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாமே?" என்றார் ஜோஸ்பின்.

"அதுக்குப் பழைய சாஃப்ட்வேர நிறுத்தணும்மா. பச்சைய வச்சுக்கிட்டு ஏன் பயப்படறே?"

சர்வரில் சோதிக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. விதியை நான் மீறுவதில்லை. ஆனால் மேனேஜரின் புதுக் காரை லாரியாக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

"உங்க கார் நம்பரச் சொல்லுங்க சார்."

பெருமையாகச் சொன்னார். டெஸ்டில் அதை லாரி எண்ணாகப் போட்டு, மொத்த எடை இருபத்தைந்து டன் என்று கொடுத்து ஓட்டினேன். பச்சை.

"வாழ்த்துக்கள் சார். உங்க கார் பதினாறு டன் கல்லு கொண்டாந்துருக்கு. பில்லு போட்டுடலாமா?"

ஜோஸ்பின் சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் கார் நம்பரு டேட்டாபேஸ்ல எப்படிங்க வந்துச்சு?"

"டேட்டாபேஸே வரல சார். நாங்க சொல்லிக் குடுத்தத இந்தப் போலி ஒப்பிக்குது."

மேனேஜர் சர்வர் சோதனைக்கான அனுமதித் தாளைக் கேட்டு வாங்கினார். பிறகு பேனாவைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ டேபிளில் ஓட்டினோம். முதல் லாரியே சிவப்பு, எடை பிசகியது. எங்கள் ஆலையில் லாரிக்குப் புது பாடி கட்டினால் காலி எடையை மறுபடி எடுப்போம். ஆடிட்டுக்காக டேபிளில் பழைய எடை இருக்கும் வரியை அழிக்க மாட்டோம். போலியில் லாரிக்கு ஒரு வரிதான். நிஜத்தில் மூன்று, நான்கு. ஜோஸ்பினின் நிரல் கையில் கிடைத்த முதல் வரியை, அதாவது பழைய பாடியின் எடையை எடுத்துக்கொண்டது. கடைசித் தேதி வரியை எடுக்கும்படி மாலைக்குள் திருத்திவிட்டார். திங்கட்கிழமை லாரிகள் சத்தமில்லாமல் போய்வந்தன. அந்த மாதமே அவர் வேலை நிரந்தரமானது. முன்யோசனையோடு சோதித்ததாக மேனேஜரையும் பாராட்டினார்கள்.

போலி கான்டெக்ஸ்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கழித்தல் சரியா, இணைப்பு அறுந்தால் நிரல் என்ன செய்யும் என்று அதனிடம் கேளுங்கள். லாரி எத்தனை முறை பாடி மாற்றியது என்று மட்டும் கேட்காதீர்கள். நாம் சொல்லிவைக்காதது எதுவும் அதற்குத் தெரியாது.