பெயர் எழுதாத தோணி

பொன்வண்டின் முதுகைப் பார்த்துப் பார்த்து வரைந்த படம் இன்று முடிந்தது. மூலையில் என் பெயரை எழுதத் தூரிகையைத் தோய்த்தபோது, பெயின்ற் மணம் என்னை உப்புவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோனது.

அப்பா தோணிகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். வேலை முடிந்ததும் ஓரத்தில் தன் பெயரை எழுதாமல் விடமாட்டார்.

ஒருநாள் தோணியின் முன்பக்கத்தில், காயாத வெள்ளையில், வண்ணத்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டது. அப்பா அதை மெதுவாக எடுத்துப் பறக்கவிட்டார். சிறகின் கோடும் புள்ளியும் துகளாக அங்கேயே பதிந்திருந்தன.

"பிள்ளை, இஞ்ச வந்து பார்," என்றார்.

அந்தக் கோலத்தையே பெரிதாக்கித் தோணி முழுக்கத் தூரிகையால் கீறினார்.

"உங்கட பேர் எங்க?" என்று கேட்டார் தோணிக்காரர்.

"கீறின ஆள் பறந்திட்டார்," என்றார் அப்பா.

நான் படத்தின் மூலையை அப்படியே விட்டு, தூரிகையைக் கழுவி வைத்தேன்.