ஜப்பான் ரிதம் பாக்ஸ்

எங்கள் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், கடைசிச் சரணம் வந்தாலே வேகமெடுத்துவிடுவார். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. தஞ்சாவூரில் ஒருவரிடமிருந்து ஜப்பான் ரிதம் பாக்ஸ் ஒன்று கைக்கு வந்ததும் டிரம்ஸ்காரரை நிறுத்திவிட்டேன். பொத்தான்களை அமுக்கித் தாளத்தை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும், பெட்டி அப்படியே வாசிக்கும். வேகமெடுக்காது, டீ கேட்காது, தோள் வலிக்கிறது என்று சொல்லாது. களைத்துப்போயிருந்த எனக்கு அதுவே பெரிய சுகம்.

அந்த வருஷ அறுவடையின்போது வலங்கைமான் பக்கம் விவசாயத் தொழிலாளர் கூட்டத்துக்கு வாசிக்கப் போனோம். கூலியை உயர்த்திக் கேட்ட உள்ளூர்க்காரர்களை ஒதுக்கிவிட்டு, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சாளர் வரும்வரை நாங்கள் பாட வேண்டும். இரண்டு பாட்டு முடிந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா மேடையருகே வந்தார்.

“போன தடவை டிரம்ஸ் அடிச்சவரு எங்கங்க?”

“இப்ப இந்தப் பெட்டியே அடிச்சிடும்மா.”

“இது எந்த ஊர்லேருந்து வந்துச்சு?”

“ஜப்பான்.”

அவர் கோபப்படவில்லை. பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப நீங்களும் வெளியாளை இறக்கிட்டீங்க” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பாட்டுக்குப் பொத்தானை அமுக்கினேன். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை.