மீன் செத்த தண்ணீர்

ஜார்ஜ்டவுனில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. ஒருநாள் காலையில் அதில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கீழ்வீட்டு அக்கா என்னை இழுத்துப் போய்க் காட்டினார்.

"நீ தண்ணி டெஸ்ட் பண்ற லேப்லதானே வேலை செய்ற? என்னான்னு பாரு லா."

ஆய்வுக்கூடம் செபராங் ஜெயாவில், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம். முதலாளி சம்மதித்தார். மறுநாள் காலை ஆய்வுக்கூட வேன் ஓட்டும் அண்ணனோடு வந்து, புட்டிகளில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஓடைத் தண்ணீரின் சூடு முப்பது டிகிரி.

அழுகும் கழிவை நேரடியாக அளப்பதில்லை. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் எவ்வளவு ஆக்ஸிஜனைத் தீர்க்கின்றன என்று பார்ப்போம். அதுவும் இருபது டிகிரியில். குளிர்நாட்டு ஆறுகளுக்காக வகுத்த முறை. நம் வெயிலில் நுண்ணுயிர்கள் அவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. ஐஸில் வைக்காவிட்டால் வழியிலேயே தின்னத் தொடங்கிவிடும். அளவு பிழையாகிவிடும்.

அன்று பாலத்தில் விபத்து. பாலத்துக்குப் போகும் சாலையிலேயே வேன் ஊர்ந்தது. நான் பெட்டியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது.

"தொறந்து தொறந்து பாத்தா இன்னும் கரையும்மா."

"அண்ணே, என்னை ஃபெரி கிட்ட எறக்கி விட்டுருங்க."

ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. அண்ணன் வேனைத் திருப்பித் துறையில் நிறுத்த, நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். துறைக்கு எதிரே தண்ணீர்க் கடையில் ஐஸ் கேட்டேன்.

"மீனு வச்சிருக்கியா தங்கச்சி?" என்றார் கடைக்கார அண்ணன்.

"இல்லண்ணே. மீன் செத்த தண்ணி."

அவர் சிரிக்கவில்லை. பெட்டி நிரம்ப ஐஸைக் கொட்டினார். கடலைக் கடக்கும் நேரம் முழுவதும் நான் உட்காரவே இல்லை. எதிர்க்கரை பட்டர்வொர்த்தில் இறங்கி, வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது புட்டிகள் சில்லென்றே இருந்தன.

பிறகு காத்திருப்பு. ஓடைத் தண்ணீரில் சுத்தத் தண்ணீர் கலந்து பல அளவில் நீர்க்கச் செய்து, குளிர்பெட்டிக்குள் பூட்டியாயிற்று, செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் அதன் முன்னால் போய்ப் போய் நின்றேன். மாலையில் லிஃப்டுக்கு அருகில் அக்கா பிடித்துக்கொள்வார். "இன்னும் வரலையா?" வராதென்று தெரிந்தே கேட்பார். இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. ஓடையின் நாற்றம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் திறந்தோம். மிக அதிகமாக நீர்க்கச் செய்த புட்டியைத் தவிர மற்றவற்றில் ஆக்ஸிஜன் துளியும் மிச்சமில்லை. அந்த ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டதில் எண் எங்கேயோ உச்சத்தில் போய் நின்றது. அவ்வளவு கழிவு.

அக்காவிடம் சொன்னேன். "நம்பர் எனக்கெதுக்கு? எங்கேர்ந்து வருது, அதச் சொல்லு."

அதை எண் சொல்லாது. இருவரும் ஓடையோரமாகவே மேலே நடந்தோம். கடைவரிசைக்குப் பின்னால், உடைந்த கழிவுக் குழாய் ஒன்று, ஓடையில் சேரும் லோங்காங் சாக்கடையில் சாம்பல் நிறமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார். என் அறிக்கையையும் படத்தையும் நகராண்மைக் கழகத்தில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆள் வரும்வரை தினமும் தொலைபேசியில் அழைத்தார். வந்தார்கள். குழாயை மாற்றினார்கள்.

நான் மறுபடி தண்ணீர் எடுத்தேன். எண் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் சுத்தம் என்று சொல்லுமளவுக்கு இல்லை.

"மீனு திரும்ப வருமா?"

"தெரியல அக்கா. மழ வந்து ஓடையக் கழுவட்டும், மறுபடி எடுத்துப் பாக்குறேன்."

"மழைக்கு முன்னாடியும் எடு லா, அப்பதான் வித்தியாசம் தெரியும்," என்றார்.