செக்போஸ்ட் வரைக்கும் பெல்ட்

கார் விற்றுப் பிழைக்கும் சக ஜீவன்களே, இப்போதெல்லாம் ஒரு வண்டியை விற்க வேண்டுமென்றால் முதலில் அதை நொறுக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

நொறுங்கினால் நல்ல வண்டி

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஷோரூமுக்குத் தென்னந்தோப்புக்காரர் வேலுச்சாமி அண்ணனும் அவர் மனைவி சரஸ்வதி அக்காவும் வந்தார்கள். வழக்கம்போல மோதல் சோதனை வீடியோவைப் போட்டேன். வண்டி சுவரில் மோதி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. உள்ளே பெல்ட் போட்ட பொம்மைகள் காற்றுப்பையில் முகம் புதைத்துப் பத்திரமாக இருந்தன. தகரம் இவ்வளவு லேசாக இருந்தால் எவன் வாங்குவான் என்று அண்ணன் முகத்தைச் சுளித்தார். அடியை முன்பக்கம் வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர் தப்பிப்பார் என்று தொண்டை வறள விளக்கினேன். அக்காவின் கவலை வேறு.

"பொம்மை ஒழுக்கமா பெல்ட்டுப் போட்டுக்குது அம்மிணி, எங்கூட்டுக்காரருதான் கேக்க மாட்டீங்கறாரு."

எல்லை தாண்டினால்

வண்டி வாங்கி முதல் சர்வீஸுக்கு வந்தபோது அக்கா குட்டை உடைத்தார். அண்ணன் தினமும் பொள்ளாச்சிக்குப் போகிறவர். கேரளப் பக்கம் கேமராவுக்குப் பயந்து பெல்ட் போடுவார். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுவார். வண்டி கத்தாமல் இருக்க, பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் கொக்கி ஒன்றைச் செருகிவிடுவாராம். பெல்ட் இல்லாவிட்டால் காற்றுப்பையும் காப்பாற்றாது என்று மன்றாடினேன். அண்ணன் சிரித்தார்.

"அந்தப் பக்கம் யாருங்க பாக்கறாங்க?"

புதுக் கேமரா

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செக்போஸ்ட்டுக்கு அப்பாலும் போன வாரம் கேமரா வைத்துவிட்டார்கள், எந்த மரத்தில் என்று யாருக்கும் தெரியாது என்று அடித்துவிட்டேன். பக்கத்துத் தோப்புக்காரருக்கு நோட்டீஸே வந்துவிட்டது என்று அக்காவும் கூடச் சேர்ந்துகொண்டார். அண்ணன் கொக்கியை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் அந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், முன்னால் போன தேங்காய் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. முன்பக்கம் வீடியோவில் பார்த்த அதே அப்பளம். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அண்ணனும் அக்காவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அண்ணன் கழுத்தோரம் பெல்ட் அழுத்திய சிவப்புக் கோடு, அவ்வளவுதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதுவிட்டேன். அண்ணனுக்கு வேறு வேலை இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கேமரா எந்த மரத்துலீங்க இருக்குது? ஒரு மாலை போட்டுட்டு வரோணும்."

கார் விற்கிறவள் வாயைத் திறந்தால் பொய் என்று ஊரே சொல்கிறது. அதில் உருப்பட்ட ஒரே பொய்க்கு மாலை போட, நானும் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.